"வெறும் மணல்தானே?": மேற்கு ராஜஸ்தான் அரசியலும் அன்றாடமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றலில் ஜோத்பூர் போய் ஆறு வருஷம் இருந்தேன். அலுவல் நிமித்தம் பார்மர், ஜெய்சால்மர், பலோடி என்று கிராமம் கிராமமாகச் சுற்ற வேண்டியிருந்தது. திரும்பி வந்ததிலிருந்து கல்யாண வீட்டிலும் ரயிலிலும் ஒரே கேள்விகள்தான். அங்கே மாற்றலாகிப் போகிறவர்களும் ஃபோன் செய்து அதையேதான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒருமுறை சொல்வதற்குப் பதில் எழுதிவைத்துவிட்டேன்.

ராஜஸ்தான் முழுக்கப் பாலைவனமா?

இல்லை. ஆரவல்லி மலைத்தொடர் மாநிலத்தைக் குறுக்கே வகிர்ந்து போகிறது. அதற்கு மேற்கே இருக்கும் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான் தார் பாலைவனமும் அதை ஒட்டிய வறண்ட பூமியும். கிழக்கே கோட்டாவில் சம்பல் ஆறு ஓடுகிறது, தெற்கே பான்ஸ்வாராவில் காடு இருக்கிறது. நான் சொல்லப்போவது எல்லாம் மேற்கைப் பற்றி.

அந்த மேற்கிலும் படத்தில் பார்க்கிற அலை அலையான மணல்மேடு கொஞ்சம்தான். பெரும்பாலும் புதரும் கல்லும் முள்மரமும், மழை பெய்தால் கம்பு விளையும் வயலுமாக இருக்கும்.

வெயில் உண்மையிலேயே அவ்வளவா?

2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி. இந்தியாவில் பதிவானதிலேயே அதுதான் உச்சம். அதே மேற்கில் உள்ள சூருவில் ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். மே மாதத்தில் மதியம் பன்னிரண்டு முதல் ஐந்து வரை ஊர் அடங்கிவிடும். எல்லாம் காலையில் நடக்கும், இல்லாவிட்டால் இரவில். வெளியே போகிறவர் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொண்டால் அனல்காற்று தாக்காது என்பார்கள். நானும் வைத்துக்கொண்டேன். சட்டை நாறியதுதான் மிச்சம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதற்குப் பதில் சொன்னால் பாதி அரசியலும் சொன்ன மாதிரிதான்.

முதலில் பழைய வழி. வீட்டு முற்றத்திலோ வயலிலோ தரைக்கடியில் உருளையாக ஒரு தொட்டி கட்டியிருப்பார்கள். பெயர் டாங்கா. அதைச் சுற்றி நிலத்தை வட்டமாகத் தட்டி, நடுவை நோக்கிச் சரிவாக மெழுகி வைத்திருப்பார்கள். அதற்கு ஆகோர் என்று பெயர். ஜெய்சால்மர் பக்கம் ஒரு வருஷத்தில் பெய்வது 200 மில்லிமீட்டர்கூட இராது. அதுவும் நாலைந்து நாளில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த நாலைந்து நாளில் ஆகோரில் விழுகிற துளி எல்லாம் தொட்டிக்குள் போக வேண்டும். நல்ல மழை பெய்தால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அதைக் குடிக்கும்.

டாங்காவின் மூடியில் பூட்டு தொங்கும். நெய்க்குடம் அடுப்படியில் திறந்தே இருக்கும். அங்கே ஒரு பழமொழி உண்டு: நெய் கொட்டினால் எனக்கு ஒன்றும் போகவில்லை, தண்ணீர் கொட்டினால் என் உயிர் எரிகிறது.

இன்னொன்று பேரி. சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சம் படுகை இருக்கும். மழைநீர் மணலில் இறங்கி அந்தப் படுகைமேல் தங்கிவிடும். அதற்கும் கீழே உள்ள உப்புநீரோடு கலக்காது. அந்த ஈரத்தில் குறுகலாகக் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் மெல்ல ஊறும். அதே ஜிப்சம் ஒருமுறை வினையாகவும் ஆனது. 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டத்துக் கவாஸ் கிராமத்தில் வெள்ளம் வந்தது. நீர் இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றது. பாலைவனத்தில் படகு ஓட்டி ஆட்களை மீட்டார்கள்.

புது வழி, கால்வாய். பஞ்சாபில் ஹரிகே தடுப்பணையில் தொடங்கி ஜெய்சால்மர் மாவட்டம் வரை 649 கிலோமீட்டர் வருகிறது இந்திரா காந்தி கால்வாய். 1958இல் வேலை தொடங்கியபோது அதன் பெயர் ராஜஸ்தான் கால்வாய். ஜோத்பூர் நகரம் குடிப்பதும் இந்தத் தண்ணீர்தான். கால்வாயிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரம் நீரை ஏற்றிக் கொண்டுவருகிறார்கள்.

'நஹர்பந்தி' என்று பேப்பரில் வருகிறதே, அது என்ன? பந்த் மாதிரியா?

கால்வாய் அடைப்பு. ஒவ்வொரு வருஷமும் மார்ச் முதல் மே வரையான காலத்தில், மராமத்துக்காகச் சில வாரங்கள் கால்வாயை மூடிவிடுவார்கள். வெயில் ஏறுகிற நேரத்தில்தான் மூடுவார்களா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அதற்குமுன் குளங்களையும் தேக்கங்களையும் நிரப்பி வைத்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் திறப்பார்கள். நாங்கள் இருந்த தெருவில் நஹர்பந்தி தேதி தெரிந்ததும் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவுகிற சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். டாங்கர் லாரிக்காரருக்கு அதுதான் அறுவடைக் காலம்.

கால்வாய் தலைமாட்டில் இருப்பவருக்கும் கடைமடையில் இருப்பவருக்கும் உள்ள சண்டையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004இல் ஸ்ரீகங்காநகர் மாவட்டம் கட்சானாவில் பாசன நீர் கேட்டு நடந்த போராட்டம் துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் போய் முடிந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தப் பக்கத்து எம்.எல்.ஏ. வாயில் முதலில் வருவது தண்ணீர் முறைதான்.

கிராமத்தில் யார் ராஜா? சர்பஞ்சா, பழைய ஜமீனா?

நேருவே வந்து 1959 அக்டோபர் 2 அன்று நாட்டின் பஞ்சாயத்து ராஜ் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தது இந்த மேற்கில் இருக்கும் நாகௌரில்தான். ஜாகிர்தாரி முறையை, நம் ஜமீன் மாதிரி, ஒழிக்கும் சட்டம் வந்து அப்போது ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது.

கிராமப் பஞ்சாயத்துக்குத் தலைவர் சர்பஞ்ச். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், கட்சிச் சின்னம் கிடையாது. நம் ஒன்றியம் மாதிரி இருப்பது பஞ்சாயத்து சமிதி, அதன் தலைவர் பிரதான். மாவட்டத்துக்கு ஜில்லா பிரமுக். இந்த இரண்டு அமைப்புக்கும் உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் உண்டு. தலைவரை உறுப்பினர்கள் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அந்தச் சமயத்தில் உறுப்பினர்களை பஸ்ஸில் ஏற்றி ஏதாவது ஓட்டலில் அடைத்துவைப்பது அங்கும் உண்டு. அதை 'பாடாபந்தி' என்பார்கள். ஆட்டைப் பட்டியில் அடைப்பதற்குச் சொல்கிற சொல்.

மக்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. ஜெய்சால்மர் மாவட்டத்தின் பரப்பு 38,401 சதுர கிலோமீட்டர்; 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை ஏழு லட்சத்துக்கும் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். கிராமம் என்று காகிதத்தில் இருப்பது, நேரில் போனால் நாலைந்து குடிசைகளாக அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு கொத்துக்கும் டாணி என்று பெயர். பெரும்பாலும் ஒரு டாணி என்றால் ஒரு வம்சம். அதனால் எந்த டாணிக்குத் தார்ரோடு போகிறது, எதற்கு மின்கம்பம் வருகிறது, டாங்கா கட்ட யார் பெயர் பட்டியலில் ஏறுகிறது என்பதுதான் அங்கே உள்ளூர் அரசியல். சாலையைப் பார்த்தே போன தேர்தலில் யார் ஜெயித்தார் என்று சொல்லிவிடலாம். வளைய வேண்டாத இடத்தில் வளைந்து போய் ஒரு வாசலில் நிற்கும்.

பெண்களுக்குப் பாதி இடம் உண்டாமே?

உண்டு, உள்ளாட்சியில் 50 சதவீதம். கூடவே 'சர்பஞ்ச் பதி'யும் உண்டு: பதவி மனைவிக்கு, நாற்காலி கணவருக்கு. ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது வெள்ளை வேட்டியில் ஒருவர் எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். கடைசியில் பார்த்தால் சர்பஞ்ச், முக்காடு போட்டு மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாள். இரண்டு வருஷம் கழித்து அதே அலுவலகத்துக்குப் போனேன். முக்காடு இருந்தது, ஆனால் மூலையில் இல்லை. என் காகிதத்தில் தேதி தப்பு என்று அவரே பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். எல்லா ஊரிலும் இப்படி மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

2014 கடைசியில் ஒரு அவசரச் சட்டம் வந்தது: சர்பஞ்சுக்கு நிற்க எட்டாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும், பழங்குடிப் பகுதியில் ஐந்தாவது. பள்ளிக்கூடமே எட்டாத டாணிகளில் எட்டாவது படித்த பெண்ணை எங்கே தேடுவது? முன்பு பதவியில் இருந்த பல பெண்கள் ஒரே காகிதத்தில் தகுதி இழந்தார்கள். 2019இல் அடுத்த அரசு அதை நீக்கியது. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் படிக்காதவர்கள் இல்லாத ஊரைக் கற்பனை செய்துகொண்டு எழுதினார்கள்.

2025 ஜனவரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகளுக்குப் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடத்தாமல், பதவி முடிந்த சர்பஞ்சுகளையே நிர்வாகிகளாக உட்கார வைத்தார்கள். சர்பஞ்சுகளுக்கு இதில் புகார் எதுவும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் ராஜஸ்தானுக்கும் என்ன சம்பந்தம்?

சட்டத்தின் வேர் அங்கேதான். பஞ்ச நிவாரண வேலையில் கூலி சரியாக வராமல், 'மஸ்டர் ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலில், யார் யார் பெயர் இருக்கிறது, காட்டு' என்று கேட்டுத் தொடங்கியது. ராஜ்சமந்த் மாவட்டம் தேவ்டுங்ரியில் 1990இல் அமைந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஊர்ப் பொதுவில் கணக்கைப் படித்துக் காட்டும் ஜன் சுன்வாய் கூட்டங்களை நடத்தியது. செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்கு சிமெண்ட் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா. 2000இல் மாநிலச் சட்டம், 2005இல் தேசியச் சட்டம். இதில் முன்நின்ற அருணா ராய் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தவர். இது பாலைவனத்தைச் சற்றுத் தள்ளிய பகுதி, ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஓட்டு யாருக்கு விழும்? சாதிதானா எல்லாம்?

1993 முதல் 2023 வரை ஒவ்வொரு தேர்தலிலும் பாஜகவும் காங்கிரசும் மாறி மாறித்தான் ஆட்சிக்கு வந்திருக்கின்றன. 'ரொட்டியைத் திருப்பிப் போடாவிட்டால் கருகிவிடும்' என்று எங்கள் டீக்கடைக்காரர் சொல்வார்.

மேற்கில் ஜாட், ராஜ்புத் என்று இரண்டு பெரிய முனைகள். பிஷ்னோய், மேக்வால், எல்லையோரத்து சிந்தி முஸ்லிம்கள் என்று மற்றவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதில்தான் கணக்கு. நாகௌரில் ஹனுமான் பேனிவால் 2018இல் ராஷ்ட்ரிய லோக்தாந்திரிக் கட்சி என்று தனிக்கட்சியே தொடங்கினார், சின்னம் பாட்டில்.

ஆனால் சாதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்த கதைகளும் உண்டு. ஜோத்பூர் பல்கலைக்கழகத்தில் 2019இல் சுயேச்சையாக மாணவர் தலைவரான ரவீந்திர சிங் பாட்டி, 2023இல் பாஜகவில் சேர்ந்தார், சீட்டு கிடைக்கவில்லை, சில நாட்களிலேயே வெளியே வந்து ஷியோ சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். வயது 26. மறு வருஷம் பார்மர் மக்களவைத் தொகுதியில் நின்றார். காங்கிரசின் உம்மேதா ராம் பேனிவாலிடம் தோற்றார், ஆனால் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு. மத்திய அமைச்சராக இருந்த பாஜக வேட்பாளர் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

இன்னொரு கூத்து கரண்பூரில். 2023 சட்டமன்றத் தேர்தலின்போது வேட்பாளர் ஒருவர் இறந்ததால் அந்தத் தொகுதியில் மட்டும் ஓட்டுப்பதிவு தள்ளிப்போனது. நடுவில் ஆட்சி அமைத்த பாஜக, அங்கே தன் வேட்பாளராக நின்றவரை ஓட்டுப்பதிவுக்கு முன்பே அமைச்சராக்கியது. 2024 ஜனவரியில் ஓட்டு எண்ணினால் அமைச்சர் தோற்றிருந்தார்.

சோலார் வந்த பிறகு ஊர் பணக்கார ஊராகிவிட்டதாமே? காலி நிலம்தானே, பயன்படட்டுமே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் சூடாகிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலோடி மாவட்டத்தில் இருக்கிறது பட்லா சூரிய மின்பூங்கா. 2,245 மெகாவாட், சுமார் 14,000 ஏக்கர். வெயிலும் தட்டையான நிலமும் இருக்கிறது, மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், எல்லாம் சரி. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட சிலர் வீடு கட்டி ஜீப் வாங்கியதும் நிஜம். கட்டும்போது நூற்றுக்கணக்கில் கூலி வேலை கிடைக்கும். கட்டி முடிந்ததும் காவலுக்கும் பலகை துடைப்பதற்கும் ஆள் போதும். பலகை துடைக்கத் தண்ணீர் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சிக்கல் 'காலி' என்ற சொல்லில். ஊர்ச் சாமியின் பெயரில் ஊரே காத்துவரும் பொது நிலத்துக்கு ஓரண் என்று பெயர். அங்கே மரத்தில் கோடாரி படக் கூடாது. விழுந்த சுள்ளியைக்கூடப் பல ஓரண்களில் எடுக்க மாட்டார்கள். ஆடும் மாடும் ஒட்டகமும் மேயலாம். ஜெய்சால்மர் பக்கத்து டேக்ராய் ஓரண் ஆயிரக்கணக்கான பிகா பரப்பு (பிகா என்பது அங்கத்து நில அளவு). இதைத் தவிர மேய்ச்சலுக்கென்றே கோசர் நிலம், குளத்துக்கு நீர் வரும் ஆகோர் நிலம். நூற்றாண்டுக் கணக்காக ஊருக்குத் தெரிந்த எல்லை. ஆனால் பட்வாரி (நம் வி.ஏ.ஓ. மாதிரி) வைத்திருக்கும் பதிவேட்டில் பல இடங்களில் ஓரண் என்ற சொல்லே இல்லை. 'சிவாய் சக்' என்று இருக்கும், அதாவது யாருக்கும் ஒதுக்காத அரசு நிலம். தலைநகரில் வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு அது வெள்ளைத் தாள். கம்பெனிக்கு ஒதுக்கீடு ஆகி வேலி விழும் அன்றுதான் மேய்ப்பவருக்கே விஷயம் தெரியும்.

மேய்ப்பவருக்கு ஓரண் போனால் ஆடு போயிற்று. ஆடு போனால் அவருக்கு வங்கியும் போயிற்று, காப்பீடும் போயிற்று. இதைப் பணமாக மதிப்பிடு என்றால் எந்தப் படிவத்தில் எழுதுவார்?

2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ஓரண் போன்ற புனித வனங்களை அளந்து, அடையாளம் கண்டு, காடு என்று அறிவிக்கும்படி ராஜஸ்தானுக்கு உத்தரவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த உத்தரவு பிறந்த வழக்கு 1995இல் நீலகிரி கூடலூர்க் காட்டுக்காக கோதவர்மன் திருமுல்பாடு போட்டது. ஆனால் கிராமத்தில் இதற்கும் முழு மகிழ்ச்சி இல்லை. காடு என்றால் வனத்துறை வரும். நாளை மேய்ச்சலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவர்களிடம் அனுமதி கேட்கவேண்டி வருமோ என்று பயம். கம்பெனியிடமிருந்து காப்பாற்றப்போய் இன்னொருவரிடம் மாட்டிக்கொள்வது பற்றி அவர்களுக்கு அனுபவம் உண்டு. பாலைவனத் தேசியப் பூங்காவுக்குள் சிக்கிய கிராமங்கள் ரோடும் கரண்டும் கேட்டுப் பல பத்தாண்டுகளாக மனு எழுதிக்கொண்டிருக்கின்றன.

கானமயில் கதையும் இதோடு சேர்ந்தது. அங்கே கோடாவண் என்பார்கள், மாநிலப் பறவை. நாட்டில் மிஞ்சியிருப்பது 150க்கும் குறைவு, பெரும்பாலும் ஜெய்சால்மரில். பக்கவாட்டில்தான் நன்றாகப் பார்க்கும் பறவை. நேர் எதிரே உள்ள மின்கம்பி கண்ணில் படாமல் மோதிச் சாகும். 2021இல் கம்பியைப் பூமிக்கடியில் போடச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தியது.

மரத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் அந்த ஊர்தானா?

ஆமாம். 1730இல் ஜோத்பூர் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வெட்ட வந்தவர்களைத் தடுத்து, கேஜர்லி கிராமத்தில் அம்ரிதா தேவி முதலாக 363 பிஷ்னோய்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டுப்பட்டார்கள் என்பது வரலாறு. அந்த மரம் கேஜ்ரி, நம் வன்னி மரம்தான். 1983 முதல் மாநில மரம். நிழல் தரும், தழை ஆட்டுக்கு, காய் குழம்புக்கு. சோலாருக்காக அதே மரத்தை வெட்டுவதை எதிர்த்து பிகானேர் பக்கம் பிஷ்னோய்கள் இந்தக் காலத்திலும் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள்.

ஒட்டகம் நிறைய இருக்குமே?

2012இல் சுமார் 3.26 லட்சம், 2019 கணக்கெடுப்பில் 2.13 லட்சம். நடுவில், 2014இல், ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015இல் வெட்டுவதையும் வெளி மாநிலம் கொண்டுபோவதையும் தடைசெய்தார்கள். சந்தையில் வாங்க ஆள் இல்லாமல் விலை சரிந்தது. வளர்க்கும் ரைக்கா குடும்பங்களின் பிள்ளைகள் நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். பாதுகாக்கிறேன் என்று கட்டிப்பிடித்து மூச்சுத் திணற வைத்த கதை.

பார்மரில் பெட்ரோல் எடுக்கிறார்களாமே?

2004இல் மங்களா எண்ணெய் வயலைக் கண்டுபிடித்து, 2009இல் எடுக்கத் தொடங்கினார்கள். சுத்திகரிப்பு ஆலை முதலில் லீலாலாவில் என்றார்கள், நிலம் தர ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை, பச்பத்ராவுக்கு மாறியது. 2013இல் சோனியா காந்தி அடிக்கல் நாட்டினார். 2018இல் மோடி வந்து வேலையைத் தொடங்கிவைத்தார். எந்தக் கல் உண்மையான கல் என்று டீக்கடையில் கேட்டுவிடாதீர்கள், பஸ் போய்விடும்.

மாவட்டங்களின் பெயர் ஏன் இத்தனை குழப்பம்?

2023இல் காங்கிரஸ் அரசு எண்ணிக்கையை 50 ஆக்கியது. 2024 டிசம்பரில் பாஜக அரசு ஒன்பதை ரத்து செய்து 41 ஆக்கியது. பலோடி, பாலோத்ரா தப்பின. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு இரண்டு முறையும் வேலை.

மொழி? சாப்பாடு? நம்மால் சமாளிக்க முடியுமா?

அலுவலகத்தில் இந்தி, வீட்டில் மார்வாடி. ராஜஸ்தானியை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கச் சொல்லி 2003இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் சேர்க்கவில்லை. 'கம்மா கணி' என்று வணங்கி, பெயருக்குப் பின்னால் ஒரு 'சா' சேர்த்துவிட்டால் பாதிக் கதவு திறந்துவிடும். அண்ணி பாபிசா, பெரியவர் பாபோசா. கோபத்திலும் 'சா' போட்டுத்தான் திட்டுவார்கள்.

கம்பு ரொட்டி, பூண்டுச் சட்னி, நம் மோர்க்குழம்பு மாதிரி இருக்கும் கடி. பச்சைக் காய்கறி இல்லாத காலத்துக்காக உலர்த்தி வைக்கும் கேர் சாங்ரி. சாங்ரி என்பது அந்த வன்னி மரத்துக் காய்தான். கடையில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சோறு கிடைக்கும், ஆனால் நோயாளிக்குக் கொடுப்பதுபோல் பார்த்துக் கொடுப்பார்கள்.

சுற்றிப் பார்க்கப் போனால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

அக்டோபருக்குப் பிறகு போங்கள். எல்லையோர கிராமங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், முன்கூட்டியே விசாரியுங்கள். பானையில் தண்ணீர் கொடுத்தால் வாய் வைக்காமல் அண்ணாந்து குடியுங்கள், சொம்பில் மிச்சத்தைக் கீழே ஊற்றாதீர்கள். வழியில் வட்டமாக, சுத்தமாக, சும்மா கிடக்கிற தரையைப் பார்த்தால் ஃபோட்டோ எடுக்கச் செருப்போடு இறங்கிவிடாதீர்கள். அது யாரோ ஒருவரின் ஆகோர். இறங்கினால் எங்கிருந்தோ ஒரு குரல் கத்தும். திரும்பிப் பார்த்தால், ஒரு ஈ காக்கா இல்லை என்று நீங்கள் நினைத்த மேட்டில் ஒரு பாட்டி கம்போடு நின்றுகொண்டிருப்பாள்.